தண்டவாளத்தில் கார் நின்றால் ஓட்டுநரை மட்டும் திட்டாதீர்கள்: சாலை, சிக்னல், இலகு ரயில் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

நகரச் சாலைகளைப் போடுகிறவர்களுக்கும், சிக்னல்களுக்கு நேரம் குறிக்கிறவர்களுக்கும், இலகு ரயில் ஓட்டுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் மூன்று தனித்தனி அலுவலகங்களாக இருக்கலாம். ஆனாலும் ஒரே மடலாகத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பிரச்சினையில் பாதி நீங்கள் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்காராததால் வருவது.

தண்டவாளத்தின் மேல் ஒரு கார் நின்று, பின்னால் ரயில் மணியடித்துக்கொண்டே நிற்கிற காட்சி இலகு ரயில், அதாவது டிராம் போலத் தெருவிலேயே ஓடும் ரயில், உள்ள எந்த நகரத்துக்கும் புதிதல்ல. அதற்கு அதிகாரத் தரப்பிலிருந்து வரும் பதிலும் புதிதல்ல. வாகன ஓட்டிகள் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும், விதியை மதிக்க வேண்டும், அபராதம் கடுமையாகும். சரி, ஒப்புக்கொள்கிறேன், பொறுப்பில்லாத ஓட்டுநர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் தினமும் ஒரே சந்திப்பில், ஒரே நேரத்தில், வேறு வேறு ஆட்கள் வந்து அதே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள் என்றால் குறை அத்தனை பேரின் குணத்திலா இருக்கிறது, அந்த இடத்திலா? நான் கேட்பது இவ்வளவுதான்: ஓட்டுநரைத் திட்டுவதற்கு முன்னால் அந்தச் சந்திப்பை ஒருமுறை அளந்து பாருங்கள்.

முதலில் ரயில் ஏன் ஒதுங்கிப் போகாது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காருக்குள் உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்கு இது உறைப்பதே இல்லை. பேருந்து என்றால் ஓரமாக நிற்கும் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ரயிலுக்கு அந்த வழி கிடையாது. காரின் பக்கவாட்டுக் கண்ணாடி மட்டும் தடத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தாலும் அது நின்றுதான் ஆக வேண்டும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது பிடிமானம் குறைவு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் உலர்ந்த சாலையில் பிரேக் அழுத்தினால் ஏறக்குறைய 15 மீட்டரில் நின்றுவிடும். அதே வேகத்தில் வரும் டிராம், தண்டவாளத்தைக் காந்தத்தால் பிடிக்கும் அவசர பிரேக்கைப் போட்டாலும் 35, 40 மீட்டர் வரை எடுத்துக்கொள்ளும். சாதாரணமாக நிறுத்தும் பிரேக் என்றால் இன்னும் இரண்டு மடங்கு. அவசர பிரேக் போட்டால் உள்ளே நின்றுகொண்டிருப்பவர்கள் கதி என்ன என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. மெல்போர்னில் டிராம் நடத்தும் நிறுவனம் 2011-இல் காண்டாமிருகத்தை வைத்து ஒரு விளம்பர இயக்கமே நடத்தியது, ஒரு டிராமின் எடை 30 காண்டாமிருகங்களுக்குச் சமம் என்று. நல்ல விளம்பரம்தான், நினைவில் நிற்கிறது. ஆனால் அதே மெல்போர்ன் விளம்பரத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். கார் தண்டவாளத்தின் மேல் நிற்பதில் பெரும்பகுதி யாரும் வேண்டுமென்று செய்வதல்ல. சாலை தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும் இடத்தை, அதாவது கடவையை, தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இன்னொரு சிக்னல் இருக்கும். அது சிவப்பாகும். அங்கே நிற்கும் வண்டிகளின் வரிசை பின்னோக்கி வளர்ந்து வளர்ந்து தண்டவாளம் வரை வந்துவிடும். முன்னால் போகிற வண்டி நகர்ந்துகொண்டிருக்கிறது, இந்தப் பக்கம் விளக்கு பச்சை, பின்னால் இருப்பவன் ஹாரன் அடிக்கிறான், ஓட்டுநர் உள்ளே நுழைகிறார், முன்வண்டி நிற்கிறது, முடிந்தது கதை. மறுபக்கம் இடம் இருந்தால்தான் நுழைய வேண்டும் என்று விதி சொல்கிறது. கலிபோர்னியாவின் வாகனச் சட்டத்தில், விளக்கு பச்சையாகவே இருந்தாலும் மறுபக்கம் இடமில்லாமல் ரயில் கடவைக்குள் நுழையக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் பச்சை விளக்கு "வா" என்கிறது, உங்கள் சட்டப் புத்தகம் "வராதே" என்கிறது. இரண்டையும் வைத்தது நீங்கள்தான்.

இதன் விலை என்ன என்பதற்கு ஒரு விபத்தைச் சொல்ல வேண்டும். அது இலகு ரயில் அல்ல, புறநகர் ரயில். ஆனாலும் பாடம் ஒன்றுதான். 1995 அக்டோபர் 25, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃபாக்ஸ் ரிவர் குரோவ் என்ற ஊர். ஒரு பள்ளிப் பேருந்து தண்டவாளத்தைக் கடந்து, அடுத்திருந்த நெடுஞ்சாலைச் சிக்னலில் சிவப்பு விளக்குக்காக நின்றது. விதியை மீறவில்லை, சிக்னலை மதித்துத்தான் நின்றது. சிக்கல் என்னவென்றால் சிக்னல் கோட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இருந்த இடம் பேருந்தின் நீளத்தைவிடக் குறைவு. பின்பகுதி ரயில் வரும் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. ரயில் வருவதை உணர்ந்து நெடுஞ்சாலைச் சிக்னல் பச்சைக்கு மாற வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மாறியது. ஆனால் பேருந்து நகர்ந்து தப்பிக்க அந்த நேரம் போதவில்லை. 7 மாணவர்கள் இறந்தார்கள். விசாரணையில் வெளிவந்த முக்கியமான குறை எது தெரியுமா? சாலைச் சிக்னலைப் பார்த்துக்கொண்ட மாநிலச் சாலைத் துறைக்கும், ரயில் சிக்னலைப் பார்த்துக்கொண்ட ரயில் நிறுவனத்துக்கும் இடையே சரியான பேச்சுவார்த்தையே இல்லை. ஒருவர் ஏற்பாடு அடுத்தவருக்கு முழுதாகத் தெரியாது. மூன்று பேருக்கும் ஒரே மடல் எழுதுகிறேன் என்றேனே, அதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. அமெரிக்கச் சாலைக் குறியீட்டுக் கையேடு, ரயில் கடவையிலிருந்து 200 அடிக்குள், அதாவது சுமார் 60 மீட்டருக்குள், சாலைச் சிக்னல் இருந்தால் இரண்டையும் இணைக்கச் சொல்லிப் பல காலமாகிறது. ரயில் நெருங்கும்போது அந்தச் சிக்னல் முதலில் தண்டவாளத்தின் மேல் இருக்கும் வண்டிகளுக்குப் பச்சை காட்டி வெளியேற்ற வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம். அதைவிட நல்ல வழியும் இருக்கிறது: தண்டவாளத்துக்கு முன்னாலேயே ஒரு சிக்னலை வைத்து, அடுத்த சந்திப்பு சிவப்பாவதற்குச் சில நொடிகள் முன்பே இதைச் சிவப்பாக்கிவிடுவது. வரிசை நிற்கும், ஆனால் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நிற்கும். சந்திப்பு இன்னும் தள்ளி இருந்தால், சாலைக்குள் உணரி பதித்து, வரிசை கடவையை நோக்கி வளர்ந்து வருவதை அது கண்டதும் பின்னால் வருகிறவர்களை நிறுத்தலாம். இதிலெல்லாம் ஓட்டுநர் எதையும் கணிக்க வேண்டியதில்லை, சிவப்பைப் பார்த்து நின்றால் போதும். சிவப்புக்கு நிற்கிற பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. மறுபக்கம் இடமிருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற பழக்கம் பாதிப் பேருக்கு இல்லை. இருக்கிற பழக்கத்தை வைத்து வேலை வாங்குவதுதானே புத்திசாலித்தனம்.

சூரிச் நகரம் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. 1973-இல் அந்த நகர மக்கள் சுரங்க ரயில் திட்டத்தை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். 1977-இல் டிராமையும் பேருந்தையும் வேகப்படுத்த 20 கோடி பிராங்க் ஒதுக்கச் சொல்லி வாக்களித்தார்கள். வண்டி வருவதைச் சாலையிலேயே உணர்ந்து சிக்னல் வழிவிடும். அதோடு, மையப் பகுதி தாங்கும் அளவுக்கு மேல் கார்களை உள்ளே விடாமல் நகரின் ஓரத்துச் சிக்னல்களிலேயே நிறுத்திவைக்கிறார்கள். நெரிசல் மாயமாகிவிடவில்லை, அது டிராம் தடத்தில் நிற்பதற்குப் பதிலாகத் தள்ளிப்போய் நிற்கிறது. வரிசை எங்கே நிற்க வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். பல நகரங்களில் அந்த முடிவை எடுக்க ஆளே இல்லை, வரிசையே எடுத்துக்கொள்கிறது.

அடுத்தது திரும்புகிற வண்டிகள். தெருவின் நடுவே தண்டவாளம் ஓடும் இடங்களில் மோதல்களுக்குப் பெரிய காரணம் இதுதான். தண்டவாளத்துக்கு இணையாகப் போய்க்கொண்டிருக்கும் கார், எதிர்ப்பக்கம் கடந்து திரும்பப் பார்க்கிறது. ஓட்டுநர் எதிரே வரும் வண்டிகளைக் கவனிக்கிறார், ரயிலோ பின்னாலிருந்து அதே திசையில் வருகிறது. 2004 ஜனவரி 1 அன்று ஹியூஸ்டனில் இலகு ரயில் தொடங்கியபோது முதல் வருடத்திலேயே இடிப்பது வாடிக்கையாகி, ஊர்க்காரர்கள் அதற்குக் கேலிப் பெயரே வைத்துவிட்டார்கள். திரும்பக் கூடாத இடத்தில் கார்கள் திரும்பியதுதான் பெரும்பாலும் காரணம். ஓட்டுநர் தவறு என்று எழுதி மூடிவிடலாம். ஆனால் அமெரிக்கப் போக்குவரத்து ஆய்வாளர்கள் 1990-களிலேயே பதிவு செய்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் யோசியுங்கள்: தினமும் ஒரே வரிசையில் விளக்கு மாறும் சந்திப்பில், திரும்புகிறவர்களின் முறைதான் முதலில் வரும் என்று ஓட்டுநர்களுக்குப் பழகிப்போய்விடுகிறது. ரயில் வரும்போது சிக்னல் அந்த முறையைத் தாண்டிக் குதித்துவிடும். குறுக்குச் சாலை நின்றதைப் பார்த்ததும் ஓட்டுநர் தன் முறைதான் என்று பழக்கத்தில் கிளம்பிவிடுகிறார். தன் பக்கத்து அம்புக்குறி சிவப்பாகவே இருப்பதை அவர் பார்ப்பதே இல்லை. திரும்பும் முறையைக் கடைசியில் வைத்தாலே இந்தத் தவறில் கணிசமானதைத் தடுக்கலாம். ரயில் வரும்போது மட்டும் ஒளிரும் பலகையும் உதவும், எப்போதும் மாட்டியிருக்கும் பலகையை யார் படிக்கிறார்கள்?

இங்கேதான் மெல்போர்னுக்குத் திரும்ப வேண்டும். சுமார் 250 கிலோமீட்டர் தண்டவாளம் கொண்ட, உலகின் மிகப் பெரிய டிராம் வலையமைப்பு அது. அங்கே வண்டிகள் இடதுபக்கம் ஓடும், எனவே வலதுபக்கம் திரும்புகிறவர் நடுத்தெருவில், அதாவது தண்டவாளத்தின் மேல், காத்திருக்க வேண்டிவரும். மையப் பகுதியின் பல சந்திப்புகளில் அதற்குத் தடை. வலதுபக்கம் திரும்ப வேண்டுமா, இடது ஓரத்துக்குப் போ, சந்திப்புக்குள் முன்னால் வந்து நில், குறுக்குச் சாலைக்குப் பச்சை வரும்போது திரும்பு. வெளியூர்க்காரர்கள் முதல்முறை கேட்டால் தலை சுற்றும், உள்ளூர்க்காரர்கள் சாதாரணமாகச் செய்கிறார்கள். ஜெர்மனியின் சாலைவிதியும் டிராமுக்கு இடைஞ்சல் இல்லாவிட்டால் மட்டுமே திரும்புவதற்காகத் தண்டவாளத்தின் மேல் வரிசையில் நிற்கலாம் என்கிறது. விதி என்ற அளவில் நல்லதுதான், ஆனாலும் இடைஞ்சலா இல்லையா என்று ஓட்டுநரே கணிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு மெல்போர்ன் ஏற்பாடுதான் பிடிக்கிறது.

நிறுத்திவிட்டுப் போகிறவர்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. "ரெண்டே நிமிஷம்" என்று சொல்லி தடத்தின் ஓரம் வண்டியை விட்டுவிட்டுப் போகிறவருக்குச் சிக்னல் நேரமும் காரணமல்ல, தெரியாமையும் காரணமல்ல. வண்டியைத் தூக்குங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடும் பாதையில் கால் மணி நேரம் ஒரு கார் நின்றால் பின்னால் மூன்று ரயில்கள் முழுசாக மாட்டிக்கொள்ளும், ஒவ்வொன்றிலும் நூறு இருநூறு பேர், அப்புறம் மாலை வரை அந்தப் பாதையின் கால அட்டவணைக்கு அர்த்தமே இருக்காது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: சரக்கு இறக்குகிற வண்டிகளுக்குப் பக்கத்துத் தெருவில் இடம் ஒதுக்காமல் அபராதம் மட்டும் போட்டால், அவர்கள் அபராதத்தையும் வியாபாரச் செலவில் சேர்த்துக்கொண்டு மறுநாளும் அங்கேயேதான் நிற்பார்கள்.

இன்னொரு வகையும் உண்டு, வழி தவறித் தண்டவாளத்தின் மேலேயே திரும்பி ஓட்டுகிறவர்கள். சிரிப்பு வரும், ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை. 2015 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் ஆக்ஸ்நார்டில் ஒருவர் அடுத்த சந்திப்பில் திரும்ப வேண்டியதற்குப் பதிலாக, இருட்டில், தண்டவாளத்துக்குள் வண்டியைத் திருப்பிவிட்டார். பயணிகள் ரயில் வந்து மோதியது, ரயிலின் ஓட்டுநர் பின்னர் இறந்துபோனார். அதன் பிறகு அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கூகுள், ஆப்பிள் உள்ளிட்ட நிறுவனங்களிடம் வழிகாட்டும் வரைபடங்களில் ரயில் கடவைகளைச் சேர்க்கச் சொன்னது. உங்கள் ஊரின் கடவைகள் அந்த வரைபடங்களில் சரியாக இருக்கின்றனவா என்று யாராவது பார்த்தீர்களா? டொரொன்டோவில் குவீன்ஸ் கீ என்ற இடத்தில் டிராம் சுரங்கத்துக்குள் கார்கள் மீண்டும் மீண்டும் இறங்கி மாட்டிக்கொண்டன. பலகை வைத்தார்கள், விளக்கு வைத்தார்கள், தரையில் மேடு போட்டார்கள், அப்புறமும் இறங்கினார்கள். கடைசியில் டிராம் வரும்போது மட்டும் திறக்கும் தடுப்பைப் போட வேண்டியதாயிற்று. தாரும் சிமெண்டும் சாலை மாதிரியே தெரிந்தால் சாலை என்றுதான் நினைப்பார்கள். தண்டவாளத்துக்கு நடுவே புல் வளர்க்கும் நகரங்கள் பல இருக்கின்றன, பார்க்க அழகு என்பது ஒரு பக்கம், புல் மேல் கார் ஓட்ட எவருக்கும் கை வராது என்பது இன்னொரு பக்கம். புல் முடியாத இடத்தில் கருங்கல் பதியுங்கள், ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள், நிறத்தையாவது மாற்றுங்கள்.

அப்படியென்றால் அபராதமே வேண்டாமா? வேண்டும். பிரிட்டனில் 1967 முதல் மஞ்சள் கட்டம் இருக்கிறது: வெளியேற இடமில்லாமல் அதற்குள் நுழையக் கூடாது. விதி எளிது, தரையிலேயே தெரிகிறது. ஆனால் கேமரா அபராதம் வந்த பிறகு, தேவைக்கு மேல் பெரிய கட்டம் போட்டுக் காசு பார்க்கிறார்கள் என்ற புகாரும் கூடவே வந்தது. புகாரில் நியாயம் இருக்கிறது. ஒரே கட்டத்தில் மாதாமாதம் அபராதம் கொட்டினால் அதை வருமானமாகப் பார்க்கும் ஆசை எந்த அலுவலகத்துக்கும் வரும். உண்மையில் அது அந்தச் சந்திப்பு பழுது என்பதற்கான அறிக்கை. டொரொன்டோவின் கிங் ஸ்ட்ரீட் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 2017 நவம்பரில் அங்கே கார்கள் நேராகப் போவதைத் தடுத்து, அடுத்த சந்திப்பில் வலதுபக்கம் திரும்பியே ஆக வேண்டும் என்று மாற்றினார்கள். டிராம் நேரத்துக்கு ஓடியது, 2019-இல் நிரந்தரமாக்கினார்கள். பிறகு கண்காணிப்பு தளர்ந்தது, கார்கள் பழையபடி நுழைந்தன, சந்திப்புகள் அடைத்தன, டிராம் ஊர்ந்தது. சந்திப்புகளில் போக்குவரத்துப் பணியாளர்களை மறுபடி நிறுத்தியபோது வேகம் திரும்பியது. ஆக, வடிவமைப்பை மாற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாலும் ஆகாது. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள், அப்புறம் மீறுகிறவரைப் பிடியுங்கள். நீங்கள் தலைகீழாகச் செய்கிறீர்கள்.

தலைகீழாகச் செய்தால் கடைசியில் என்ன ஆகும் என்பதற்குக் கொல்கத்தா இருக்கிறது. 1873-இல் குதிரை டிராமோடு தொடங்கிய ஊர். ஒரு காலத்தில் பல சாலைகளில் தண்டவாளத்துக்கென்று தனி இடம் இருந்தது. கார்களுக்கு இடம் வேண்டும் என்று அந்தத் தனிப் பாதைகளில் பலவற்றைச் சாலையோடு சாலையாகச் சேர்த்துத் தார் போட்டு மூடினார்கள். கார்கள் தண்டவாளத்தின் மேல் ஓடின, டிராம் அவற்றுக்குப் பின்னால் ஊர்ந்தது, அப்புறம் நெரிசலுக்கு டிராம்தான் காரணம் என்றார்கள். 2024 செப்டம்பரில், மைதான் என்ற பெரிய திடல் வழியாகச் செல்லும் ஒரு பாரம்பரியப் பாதை தவிர மற்றதை நிறுத்தப்போவதாக மாநில அரசு அறிவித்தது. வழியை அடைத்தவர்கள் இருக்க, அடைபட்டது வெளியேற வேண்டியதாயிற்று. எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்களிடம் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாதையில் 60 மீட்டருக்குள் சாலைச் சிக்னல் உள்ள கடவைகள் எவை என்ற பட்டியலை வெளியிடுங்கள். ஒவ்வொன்றிலும் சிக்னல் கோட்டுக்கும் ரயில் உடம்பு உரசும் எல்லைக்கும் நடுவே எத்தனை மீட்டர் இருக்கிறது, அந்த வழியில் போகும் மிக நீளமான வண்டி அதில் அடங்குமா, ரயில் வரும்போது தண்டவாளத்தைக் காலி செய்ய எத்தனை நொடி கொடுத்திருக்கிறீர்கள், கடைசியாக எப்போது இரண்டு துறை ஆட்களும் ஒன்றாக நின்று சோதித்தார்கள் என்று அதே பட்டியலில் போடுங்கள். சாலையை அகலப்படுத்தும்போதோ சிக்னல் நேரத்தை மாற்றும்போதோ ரயில் தரப்பின் கையெழுத்து இல்லாமல் மாற்றக் கூடாது என்று ஒரு விதி போடுங்கள். மாட்டிக்கொண்ட ஓட்டுநர் கூப்பிட ஒவ்வொரு கடவையிலும் கண்ணில் படும்படி ஒரு அவசர எண்ணும் கடவையின் அடையாள எண்ணும் இருக்கட்டும். தடுப்புக் கம்பி இருக்கும் கடவைகளில் ஒருவேளை உள்ளே அகப்பட்டால் கம்பியை இடித்துக்கொண்டு வெளியேறலாம், அது உடையும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது என்பதை உரிமத் தேர்விலேயே சொல்லிக்கொடுங்கள். வண்டியைக் காப்பாற்ற நினைத்து உள்ளேயே உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் ரயில் ஓட்டுநர்களைக் கேளுங்கள். எந்தச் சந்திப்பில் எத்தனை மணிக்குக் கார் நிற்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஒவ்வொரு முறை தடைபடும்போதும் இடத்தையும் நேரத்தையும் ஒரு பொத்தானில் பதிவு செய்ய வழி செய்துகொடுத்தால், மூன்று மாதத்தில் எங்கே முதலில் கை வைக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அந்தப் பட்டியலின் முதல் ஐந்து இடங்களுக்கு என்ன செய்யப்போகிறீர்கள், எந்தத் தேதிக்குள் செய்யப்போகிறீர்கள் என்பதை மூன்று அலுவலகங்களும் ஒரே தாளில் கையெழுத்திட்டு வெளியிடுங்கள். அந்தத் தாளுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நின்றுபோன ரயிலுக்குள் இருக்கும் ஒரு பயணி